நீலச் சுவரில் ஒட்டிய தாள்

றக்வான,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள யோகராஜ் அண்ணாவுக்கு,

உங்கள் வானரத் தங்கை துஷ்யந்தி எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். நலமா இல்லையா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். செவ்வாயிலிருந்து கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. மழைக்கு மட்டும் சார்ஜ் இறங்கவே இல்லை. அதனால்தான் கொழும்பு பஸ் கண்டக்டர் சசி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. ஞாயிறன்று ஜீவராணி அண்ணி வீட்டார் சம்பந்தம் பேச வருகிறார்கள் அல்லவா, தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவைச் செலவில்லாமல் அரண்மனை ஆக்கிவிட்டேன். உர பேக்குகளைக் கழுவித் தைத்து, ஓட்டைத் தகரத்துக்குக் கீழே சீலிங் கட்டினோம். இனி சோற்றில் துரு விழாது. சுண்ணாம்பில் நீலம் கலந்து நாலு சுவருக்கும் அடித்தேன். பாதி என் தலைக்கு.

இனி கெட்ட சேதி. பின்சுவர் வெடிப்பு ஞாபகம் இருக்கிறதா? போன மாதம் மண்சரிவு பார்க்க வந்த அரசாங்க அதிகாரி மாத்தயா அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்து வைத்து ஒட்டினார். அது உடைந்தால் மண் நகருகிறது என்று அர்த்தம், சாமான் எடுக்கவும் நிற்காமல் ஓடச் சொன்னார். நீலச் சுவரில் அது மூக்கில் பிளாஸ்டர் போட்ட மாதிரி இருந்தது. அண்ணி வீட்டார் கண்ணில் படுமே என்று நான் அதைப் பெயர்த்துவிட்டேன். வெடிப்பை அடைத்து மேலே பூசியும்விட்டேன். அப்பா கேட்டபோது, மாத்தயாவே வந்து கழற்றினார் என்றேன். அவரைப் போலவே இடுப்பில் கைவைத்து, “தெங் ஹொந்தய்”, இப்போது நல்லது, இனி பயமில்லை என்று நடித்தும் காட்டினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நம்பியும்விட்டார்.

புதன்கிழமை மண்சரிவுக்குப் பயந்து லயத்தார் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்விட்டார்கள். அப்பா மட்டும், “நம்ம செவுருக்கு என்னா கொறை? மாத்தயாவே சொல்லிட்டாரு. சம்பந்தி வீட்டாரை இஸ்கூல் வாங்குலயா குந்த வைக்கிறது?” என்று உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டு அம்மா நகரமாட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன் அண்ணா. அப்பாவின் காலைப் பிடித்துச் சொன்னேன். “இது என்னா புது நாடகம்?” என்று தலையில் குட்டினார். இந்திரகுமார் கங்காணியிடம் ஓடினேன். போன மாதம் சிறுத்தை என்று பொய்யாகக் கத்தி அவரை மலையிலிருந்து ஓடவிட்டவள் அல்லவா நான். “இப்ப செவுரு பாயுதாக்கும்?” என்றார்.

நேற்றுக் காலை பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கொப்பித் தாளில் ஒரு துண்டு வெட்டி, தேதி போட்டு, கோதுமை மாப் பசையால் குறுக்கே ஒட்டினேன். இன்று பார்த்தால் நடுவில் கிழிந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “நீயே கிழிச்சிட்டு வர்றியா?” என்றார்.

இரண்டு துண்டையும் இதற்குள் வைத்திருக்கிறேன். அண்ணி வீட்டாரை இப்போது வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சசி அண்ணன் அங்கிருந்து இரண்டு மணிக்குத் திரும்புகிறார், அதே பஸ்ஸில் ஏறிவிடுங்கள். நீங்கள் வந்து கூப்பிட்டால் அப்பா எழும்புவார்.

இதை அந்தச் சுவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாரியம்மா உங்கள் பஸ்ஸைச் சுகமாகக் கொண்டு சேர்க்கட்டும். வந்ததும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள், ஓடமாட்டேன்.

இந்த ஒரு தடவை விளையாடாத,
துஷ்யந்தி