கொழுந்து மடுவத்தில் பிறந்தவள்

1956 ஆகஸ்ட் 12, ஞாயிறு. பதுளை.

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாலிபர் இருவரோடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளைச் சீர்செய்ய. அங்கே கொழுந்து பறிக்கும் மாரியாயி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மழையில் பாதை சரிந்து லொறி வர வழியில்லை. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, அவள் புருஷன் ராமையாவும் நாங்களுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தோட்டத்து மருத்துவச்சியும் கூடவே வந்தாள்.

ஒவ்வொரு வலிக்கும் மாரியாயி "முருகா!" என்று கத்தினாள். "இயேசுவே, இவளைக் காப்பாற்றும்!" என்று நானும் கத்தினேன். முப்பது வருடமாக என் வாய்தான் ஜெபித்திருக்கிறது. இன்றுதான் நானே வேண்டிக் கேட்டேன்.

பாதி வழியில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகையைக் கேட்டு மாரியாயி சிரித்தாள். கந்தோரில் கோப்புகளோடு கிடக்கிற நான் சேற்றில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். இப்படியொரு சந்தோஷம் எனக்கும் உண்டென்று தெரியாது.

ராமையா என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க சாமிக்கும் ஒரு தேங்கா ஒடைக்கணுங்கய்யா. எங்க வரட்டும்?"

"வாற ஞாயிறு எங்கட கோயிலடிக்கு வாரும்" என்று சொல்லிவிட்டேன்.

போதகரிடம் இன்னும் சொல்லவில்லை.