படத்திலிருந்து உங்கள் குரலைப் பிரித்தேன்

பிரியமுள்ள நடராஜா,

பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தை நீங்கள் போன பிறகும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது நான் வீடியோ செய்கிறேன். கதையும் இல்லை, நடிகரும் இல்லை. யாரோ வேண்டாமென்று போட்ட படங்களுக்கு வேறெங்கோ பதிந்த சத்தத்தைச் சேர்க்கிறேன். படத்தில் ஏதோ திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவார்கள். கூடவே கால்வாயில் மழைத்தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்றாள் உங்கள் தங்கை. வேறு எந்த வயதில் எனக்கு நேரம் இருந்தது?

கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளைக் குப்பைக்கென்று வெளியே வைத்துவிட்டார்கள். ஒன்றில், பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டு வரும் ஓர் அம்மா கேமராவைக் கண்டதும் முகத்தை மறைத்துச் சிரிக்கிறார். அதற்கு உங்கள் குரலைப் போட்டேன். சட்டைக்கு இஸ்திரி போடும்போது வாய்க்குள் பாடுவீர்களே, சுருதி சேரவில்லை என்று நிரூபிக்க ஒருநாள் கைப்பேசியில் பதிந்தேனே, அது. கான்வென்ட் பாடகர் குழுவில் பழகிய காது என்னுடையது. நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. உங்கள் குரல் என்று என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் திரையிட்டேன். முடிந்ததும் பண்டமாரானிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

“ஆன்டி, அது எங்கம்மா. போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க சிரிக்கிற மாதிரி ஒரு வீடியோகூட எங்ககிட்ட இல்ல. குடுப்பீங்களா?”

“தரேன்மா.”

“அந்த ஆம்பள குரல் மட்டும் வேணாம் ஆன்டி. எங்கம்மா பக்கத்துல நின்னு யாரு பாடறதுன்னு அப்பா கேப்பாரு லா. பாட்டும் சகிக்கல.”

“அது என் வீட்டுக்காரர்.”

“ஐயோ, சாரி ஆன்டி!”

வாழ்நாளெல்லாம் நான் சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

போகும்போது தயங்கி நின்றாள். “இனிமேயும் எல்லாருக்கும் இப்படியேதான் காட்டுவீங்களா?”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். செய்து முடித்ததில் கைவைக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் செய்ததிலேயே சிறந்தது அதுதான். ஆனால் உங்கள் குரலை யாராவது குப்பையில் கண்டெடுத்து இன்னொருத்தியின் முகத்துக்குப் போட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா?

கேசட்டையே அவளிடம் கொடுத்துவிட்டேன். என் வீடியோவிலிருந்தும் அந்த அம்மாவை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் உங்கள் பாட்டு மட்டும் ஓட, திரை கறுப்பாக நின்றது. வேறு முகங்களை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

அடுத்த திரையிடலில் அதைக் கறுப்பாகவே விடப்போகிறேன். வந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்து உங்களைக் கேட்கட்டும். சுருதியைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறதாம்; தொடமாட்டேன். உங்கள் பக்கத்தில் இனி யாரையும் நிறுத்தவும் மாட்டேன்.

உங்கள் மனைவி,
மங்களம்