பின்பக்கத்தில் என்னைப் பற்றி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான். உன் போன கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

"போன் பண்ணா ஏன்டி எடுக்க மாட்டேங்குற?" என்று கேட்டிருக்கிறாய். எடுத்தால் நீ எங்கே பேசுகிறாய்? போன மாதம் பஸ் டிப்போவில் என் நாற்காலியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ம்ம்... நாற்காலி போனதும் உனக்கு எப்படி இருந்துச்சு?" கால் வலித்தது அக்கா, வேறெப்படி இருக்கும்? பழைய அக்காவாக இருந்தால் "எந்த எருமை எடுத்துச்சு?" என்று கத்தியிருப்பாள். எனக்கு அவள்தான் வேண்டும். கடிதத்தில் உன்னால் "ம்ம்" என்று இழுக்க முடியாது. அதனால் கடிதமே எழுது.

இன்னொன்று. காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உன் படிப்புத் தாள்களின் பின்பக்கத்தில் எனக்கு எழுதாதே. திருப்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். இந்த முறை "மருத்துவ உளவியல் முனைவர் பட்ட மாணவர்களுக்கான பயிற்சி இலக்குகளும் திறன்களும்" வந்திருக்கிறது. ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். நான்காவது தலைப்பைப் படித்துவிட்டு டிப்போவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "பிறர் சுட்டும் குறையைத் தற்காப்பின்றி ஏற்றல்." உப்பு கூடிப்போச்சு என்று சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. வங்கி வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது முதலில் கைதட்டியவள் நான்தான். அதனால் கேலி செய்யும் உரிமையும் எனக்குத்தான்.

தொலைந்த பொருள் அறையில் இந்த வாரம் பதினாறு குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட். பல்செட்டுக்காரர் வந்தார். "அடையாளம் சொல்லுங்க" என்றேன். வாயைத் திறந்து காட்டினார். பிறகு எனக்கே ஒன்று தொலைந்தது. வீட்டுச் சாவியை அந்த அறையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்! நல்லவேளையாகக் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
வாலு


மார்ச் 19

என் வாலுவுக்கு,

சிரி, நன்றாகச் சிரி. இங்கே எனக்கு மண்டை வெடிக்கிறது.

நான் ஒருவரோடு ஐம்பது நிமிடம் பேசுவதை ரெக்கார்டு செய்து கொடுக்கவேண்டும். மேற்பார்வையாளர் அதைக் கேட்பார். அந்த அம்மாவுக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. கேட்டுவிட்டுப் பென்சிலால் மேசையைத் தட்டுவார். "இங்க நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்பார். அடுத்த வாரம் பொறுமையாக இருந்தால் "இங்க நீங்க காணாமப் போயிட்டீங்க" என்பார். அவசரமும் படக்கூடாது, காணாமலும் போகக்கூடாது என்றால் நான் எங்கேதான் போய் நிற்பது? "கவனித்துக் கேட்டல்" என்ற தலைப்பில் எனக்கு மூன்று. என் வகுப்பில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நான்கு. அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பாள், வாலு. என் கண்ணால் பார்த்தேன்.

ஜூன் மாதம் ஆண்டு மதிப்பீடு. ஏழு தலைப்பிலும் குறைந்தது மூன்று இருந்தால்தான் அடுத்த வருடம் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் இதே வருடத்தை மறுபடியும் படிக்கவேண்டும்.

அதற்கு உன்னிடம் ஒரு சின்ன உதவி. இத்துடன் ஒரு ஒப்புதல் தாள் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தேதி மட்டும் ஜனவரி 10 என்று போடு. கல்யாணத்துக்குப் பிறகு வந்த இனிஷியலோடு போடு, பழசு வேண்டாம். சும்மா ஃபைலில் வைக்கத்தான். ஃபைல் சரிபார்க்கிறார்கள், என்னுடையதில் இது ஒன்று குறைகிறது.

நாற்காலி கிடைத்ததா? எந்த எருமை எடுத்தது?

அன்புடன்
அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

பின்பக்கத்தில் எழுதாதே என்று சொன்னேன். கேட்கவில்லை. உன் கடிதத்தின் இரண்டாவது தாளைத் திருப்பினேன். அங்கே நான் இருந்தேன்.

"பயிற்சி நேர்காணல் அறிக்கை. பெண், வயது 36, போக்குவரத்துத் துறை ஊழியர். கணவர் பிரிந்து சென்று பதினான்கு மாதங்கள். மற்றவர்களிடம் அவர் மாற்றலாகிப் போயிருப்பதாகக் கூறிவருகிறார். வேலை முடிந்து திரும்பியதும், வீட்டில் யாருமில்லை என்று அறிந்தும், கதவைத் திறக்குமுன் அழைப்பு மணியை அழுத்துவதாகக் கூறுகிறார். வேதனையைக் கேலியால் மறைக்கிறார். இழப்பை ஏற்க மறுத்தல்: மிதமான அளவு."

மிதமான அளவா? தினமும் அழுத்துகிறேன் அக்கா. லீவு நாளில் காய் வாங்கிவிட்டு வந்தால்கூட அழுத்துகிறேன்.

இதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போனில். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னேன். அன்றைக்கு நீ நிறைய "ம்ம்" சொன்னாய். அக்கா ரொம்பக் கவனமாகக் கேட்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். நீ எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஓரத்தில் சிவப்பு மை: "மிக நுட்பமான கவனிப்பு. 5." கீழே "நேர்காணல் அளித்தவர் உறவினரா?" என்ற கேள்விக்கு உன் கையெழுத்தில் "இல்லை". "எழுத்துமூல ஒப்புதல் பெறப்பட்டதா?" "ஆம், ஜனவரி 10".

அதற்குத்தானா இந்த ஜனவரி 10? அதற்குத்தானா அவருடைய இனிஷியல்? உன் மேடத்துக்கு நாம் அக்கா தங்கை என்று தெரியக்கூடாது என்பதற்காக, விட்டுவிட்டுப் போனவருடைய எழுத்தை நான் போடவேண்டும்.

ஒப்புதல் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெறுமையாக.

வாலு


ஏப்ரல் 6

வாலு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அது நியாயமானதும்கூட. உன் பெயரோ, ஊரோ, டிப்போவோ எதுவும் அறிக்கையில் இல்லை என்பதை மட்டும் கவனி. அது ஒரு பயிற்சித் தாள். மேற்பார்வையாளரைத் தவிர யாரும் படிக்கவில்லை.

சரி, இந்தப் பாஷை வேண்டாம். உனக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நேர்காணலுக்கு வருகிறேன் என்று சொன்னவர் இரண்டு முறை வரவில்லை. திங்கட்கிழமை காலை அறிக்கை கொடுக்கவேண்டும், இதற்கு ரெக்கார்டு தேவையில்லை. நீ போன் செய்தாய். கையில் பேனா இருந்தது. முதலில் உன்னைக் கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் நீ பேசுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஐந்து மதிப்பெண் வந்துவிட்டது. ஒரு வருடத்தில் எனக்கு வந்த ஒரே ஐந்து அது.

ஜூன் 2 மதிப்பீடு. அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் போகும், வாலு. எனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. ஒரே ஒரு கையெழுத்து. உன் அக்காவுக்காக இதைச் செய்யமாட்டாயா?

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

போன வருடம் ஒரு டிரைவர் என்னிடம் வந்தார். தன் பஸ்ஸில் கிடைத்த கைப்பையை ரிஜிஸ்டரில் பதியாமல் நேராகக் கொடுத்துவிட்டாராம். "முந்தின தேதி போட்டு எழுதிக்கோம்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். நல்ல மனுஷன், எனக்கு டீ வாங்கித் தருபவர். மாட்டேன் என்றேன். அவருக்கு மெமோ வந்தது. இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்த அறையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உரியவர் கையெழுத்துப் போடாமல் ஒரு கிழிந்த குடைகூட வெளியே போனதில்லை.

எங்கள் டிப்போ ரசீது ஒன்றை நிரப்பி வைத்திருக்கிறேன்.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொன்ன ஒரு விஷயம்.
உரியவர்: நான்.
எடுத்துச் சென்றவர்: அக்கா.
உரியவரின் கையெழுத்து: இல்லை.

இதை உன் ஃபைலில் வை. என்னிடம் இருப்பது இதுதான்.

மே மாதம் முழுக்க எனக்குப் போன் செய்யாதே. எடுக்கமாட்டேன் என்பதற்காகச் சொல்லவில்லை. எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வாலு


ஜூன் 5

என் அன்புள்ள வாலுவுக்கு,

இது புதுத் தாள். கடையில் வாங்கியது. இரண்டு பக்கமும் நான்தான் எழுதப்போகிறேன்.

உன் ரசீதை ஒரு மாதம் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடப்பிறந்தவள் இப்படியா செய்வாள் என்று சுவரைப் பார்த்துப் பேசினேன். மதிப்பீட்டுக்கு முந்தின நாள், உன்னைப் பற்றி எழுதிய அறிக்கையின் ஃபைல் பிரதியை மறுபடி படித்தேன். மணி அடிக்கிறாய் என்று எழுதியிருக்கிறேன். அதைக் கேட்டதும் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று அதில் தேடினேன். ஒன்றுமில்லை. ஒரு "நான் வரட்டுமா" கூட இல்லை. அதற்குத்தான் ஐந்து கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் ரசீதை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ரசீதை இரண்டு முறை படித்தார். பென்சிலால் தட்டவில்லை. "இவங்க என்ன வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நெறிமுறை" என்ற தலைப்பில் நான்கை அடித்துவிட்டு ஒன்று போட்டார். அந்தப் பிரதியை என் கண்ணெதிரே இயந்திரத்தில் விட்டுக் கிழித்தார். இந்த வருடத்தை நான் மறுபடி படிக்கவேண்டும். கொட்டாவிக்காரி மருத்துவமனைக்குப் போகிறாள். வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன். எப்படி இருந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறைந்திருப்பேன்.

என்னை மன்னித்துவிடு. நீ சொன்னதைத் திருடினேன். வேறு எந்த வார்த்தையைப் போட்டாலும் பொய்யாகிவிடும்.

இனி ஒன்று கேட்கிறேன். இந்த முறை முதலிலேயே கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. நீ டிப்போவிலிருந்து திரும்புவதற்குள் வந்துவிடுவேன். டெய்லரம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பேன். நீ வழக்கம்போல வந்து மணியை அழுத்து. நான் கதவைத் திறக்கிறேன்.

பேனா, நோட்டு எதுவும் எடுத்து வரமாட்டேன். சம்மதம் என்றால் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் வரமாட்டேன், குறையும் சொல்லமாட்டேன்.

உன்
அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நீதான் இருந்தாய்.

கோபம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை அதையும் சேர்த்துத்தான் கொண்டுவருவேன், தயாராக இரு. ஒரு வருடம் போச்சே என்று எனக்கும் வயிறு எரிகிறது. அந்தக் கொட்டாவிக்காரியை நினைத்தால் அதைவிட எரிகிறது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நம் அப்பாவின் இனிஷியலோடு. தேதி இன்றையது. டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "யாரும்மா வர்றாங்க, உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். "அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டாருங்க, இனிமே வரமாட்டாரு. வர்றது எங்க அக்கா" என்றேன்.

ஆறு மணிக்கு வருவேன். மணி அடித்ததும் ஓடிவந்து திற.

வாலு