பால்சுறாவுக்கு ஒரு வழி

நெய்வேலி
6-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

என் சமையலை நானே சாப்பிட்டும் நலமாகத்தான் இருக்கிறேன். பிள்ளை பிறந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்டக் கொக்கியும் போட்டாயிற்று. புஷ்பவல்லியையும் பிள்ளையையும் எப்போது அனுப்புகிறீர்கள்? ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை.

உங்கள் மருமகன்
மருதமுத்து

குலசேகரன்பட்டினம்
12-2-1979

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

கொக்கி இருக்கட்டும். பால் கொடுக்கிற பெண்ணுக்கு அங்கே பால்சுறா கிடைக்குமா? தாயில்லாப் பெண் என்று நானே கரைக்குப் போய் வாங்கி வந்து, வாரம் இரண்டு தரம் புட்டு செய்து கொடுக்கிறேன். பேரன் கன்னத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். போன வருஷம் நான் வந்தபோது மீன் என்று ஒன்றை வாங்கி வந்தீர்களே! அதன் கண் குழிந்து கிடந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சுறாவுக்கு ஒரு வழி சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

பரமசிவம்

நெய்வேலி
21-2-1979

அன்புள்ள மாமாவுக்கு,

வழி பிறந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் மீன் விற்கும் சாகுல் ஹமீது பாய், செவ்வாயும் வெள்ளியும் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் சுறா கொண்டுவர ஒத்துக்கொண்டார். "இன்னா சார், பால் குடுக்கிற பொண்ணுக்குன்னா ஐஸ் மீனா கொண்டாந்து குடுப்பேன்?" என்று கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நானே புட்டு செய்தேன். கோவில்பட்டியில் கருவாட்டைத் தவிர எதையும் காணாமல் வளர்ந்தவன் நான். வேகவைத்த சுறாவுக்குத் தோலை உரிக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வாயெல்லாம் நறநறவென்று மணல். பக்கத்து வீட்டுச் சந்திரகலா அக்கா சிரித்து ஓய்ந்த பிறகுதான் உரித்துக் காட்டினார். நேற்றுச் செய்ததை ஷிப்டில் நாலு பேர் வழித்துத் தின்றார்கள். இனி என்ன சாக்கு சொல்வீர்கள் மாமா?

மருதமுத்து

குலசேகரன்பட்டினம்
27-2-1979

மாப்பிள்ளைக்கு,

சாக்கு தீர்ந்துவிட்டது. பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போங்கள்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன், புஷ்பத்திடம் சொல்ல வேண்டாம். அவள் அம்மா போனபின் நான் மீனே வாங்கவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒற்றை ஆளுக்கு யார் மீன் ஆய்வது, யார் குழம்பு கூட்டுவது? மோரும் ஊறுகாயுமாக ஓட்டினேன். அவள் பிரசவத்துக்கு வந்த பிறகுதான் இந்த வீட்டில் மறுபடி மீன் வாசனை. அது போய்விடுமே என்று பயமாக இருந்தது. அதனால்தான் சுறாவைப் பிடித்துத் தொங்கினேன்.

பரமசிவம்

நெய்வேலி
3-3-1979

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாம் தரமும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திரும்புவதற்கு உங்களையும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டேன். மருமகன் வீட்டில் போய் உட்காருவதா என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த பிளாக்கில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை.

என் புட்டில் உப்பு இன்னும் சரியாக விழவில்லை. அதைச் சொல்லித் திட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டும், மாமா. செவ்வாய்க்கிழமைக்கு மூன்று பேர் சாப்பிடுகிற அளவு சுறா வேண்டும் என்று பாயிடம் சொல்லியாயிற்று.

உங்கள் மகன்
மருதமுத்து