மேகமில்லாத மலையின் தண்ணீர்

மே 18, ஞாயிறு
பஜார் முக்கில் என்னைக் கட்டிய மச்சான் இன்றைக்கும் வண்டியை வலது பக்கம் ஏற்றிவிட்டார். எதிரே மினி பஸ். அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டியது தென்காசி முழுக்கக் கேட்டிருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் இடது பக்க ஸ்டியரிங் பிடித்த கை. கியர் போட வலது கையை வீசுகிறார், அது கதவில் போய் இடிக்கிறது. "எறங்குங்க, நான் ஓட்டுதேன்" என்றேன்.

"ஆம்பள இருக்கையில பொம்பள ஓட்டுனா ஊரு என்ன சொல்லும்?"

வீட்டிலிருந்தே, என் வண்டியில் பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்த ஊரில் பாதிப் பெண்கள் என்னிடம் கிளட்ச் மிதிக்கப் பழகியவர்கள். பிப்ரவரியில் இவர் ஒரேயடியாகத் திரும்பி வரும்வரை ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

மே 20
சாவி அவர் சட்டைப் பையில். அவர் தூங்குகிறார். காலை கிளாஸுக்கு வந்த ராபியாவும் கிருபாவும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். என் நகையை விற்று வாங்கிய வண்டி.

மே 27
சொல்லிவிட்டேன். பக்ரீத் பெருநாள் முடிந்ததும் மணாலியிலிருந்து லே போகிற ரோட்டுக்குப் போகிறேன், தனியாக, என் வண்டியில். வருஷக்கணக்காக அந்த இமயமலை ரோட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே மரம் கிடையாது, வீடு கிடையாது, மாமியார் கிடையாது.

மாமி சோற்றுக் கையோடு உட்கார்ந்துவிட்டார். மச்சான் சிரித்தார். எல்லார் முன்னாலும் சாவியைத் தூக்கி என் பக்கம் போட்டார்.

"போ. மதுரையத் தாண்ட மாட்டே. ஆனா ஒண்ணு, வண்டில ஒரு கீறல் விழுந்தாலும் சாவி எங்கிட்ட வந்துரணும். பொறவு ஸ்டியரிங்கத் தொடப்படாது. கிளாஸும் கெடையாது."

நான் சரி என்று சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 10
கிளம்பியாயிற்று. வழியனுப்ப யாரும் வாசலுக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும். வாசுதேவநல்லூரில் ஒரு சாயா குடித்தேன்.

மதுரை தாண்டிவிட்டேன். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஜூன் 13, நாக்பூர்
வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. மூன்று லாட்ஜில் ஒரே கேள்வி: கூட யார்? யாரும் இல்லை என்றால் ரூம் இல்லை. நாலாவது இடத்தில் கவுண்டரை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன். கொடுத்தான். ராத்திரி முழுக்கக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்தேன்.

மச்சான் தினமும் ஒரு தடவை கூப்பிடுகிறார். "வண்டிக்கு ஒண்ணுமில்லையே?" எனக்கு ஒன்றுமில்லையா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஜூன் 20, ஜிஸ்பா
மணாலி தாண்டி, சுரங்கப்பாதை தாண்டி வந்துவிட்டேன். தலைவலி. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிக் கிடக்கிறது. பெட்ரோல் நிரப்பியாயிற்று, இனி அடுத்த பங்க் லே பக்கத்தில்தான். இந்த மலை யாரையும் வா என்று சொல்லாது போல. பரவாயில்லை, நானும் யாரிடமும் சிரிக்கிற நிலையில் இல்லை.

ஜூன் 21
கையெழுத்து கோணுகிறது.

ரோட்டின் குறுக்கே ஓடை. பாலம் கிடையாது. எல்லா வண்டியும் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். சாயங்காலம் நாலு மணி. அக்கரையில் இரண்டு லாரி, இக்கரையில் ஒரு லாரி, எதுவும் நகரவில்லை. நான் மலையைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை, வானம் கழுவி விட்ட மாதிரி.

குற்றாலத்துப் பக்கம் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மலையில் மேகம் இறங்கினால் அருவியை விட்டு ஓடணும், மலை வெளுத்திருந்தால் தண்ணீர் வடியும். ஐந்தருவியில் போலீஸ் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் நான். இவனுவ எதுக்குப் பயந்து நிக்கானுவ என்று நினைத்தேன். முதல் கியரில் இறக்கினேன்.

நடுவில் போனதும் தண்ணீர் பானட்டில் ஏறியது. எஞ்சின் ஒரு தும்மல் தும்மி நின்றது. வண்டி பக்கவாட்டில் நகருது, கல்லு அடியில் உருளுது, கால் மரத்துப் போச்சு. யா அல்லாஹ், யா அல்லாஹ்னு கத்துதேன். தண்ணி இரைச்சல்ல யாருக்கும் கேக்கல.

இக்கரை லாரிக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். என்னை ஜன்னல் வழியாக இழுத்தார், பிறகு வண்டியை. பல்லைக் கடித்துக்கொண்டு இந்தியில் திட்டினார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: "சுபஹ், சுபஹ்!" காலையில். மேலே சூரியனைக் காட்டினார், பனியைக் காட்டினார், உருகுகிற மாதிரி விரல்களை அசைத்தார்.

இங்கே தண்ணீரைக் கொண்டுவருவது மேகம் இல்லை, வெயில். வானம் வெளுக்க வெளுக்க ஓடை ஏறும். நம்ம ஊர்ப் படிப்பு இங்கே அப்படியே தலைகீழ்.

ஜூன் 22, கேலாங்
வந்த வழியே திரும்பியாயிற்று. வண்டி லாரி முதுகில் வந்து சேர்ந்தது. முன் பம்பர் இல்லை, கதவு நசுங்கிவிட்டது. கீறலா கேட்டார்?

மகள் சஃப்ரினுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அழுதாள். பிறகு தெளிந்து, "வாப்பாட்ட சொல்லாண்டாம்மா. அங்கனயே சரி பண்ணிட்டு வாங்க, யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

உண்மைதான். பம்பர் மாற்றலாம், கதவைத் தட்டி எடுக்கலாம். மத்தியானம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஆனால் நான் மறைத்தால், அவர் போட்ட சட்டம் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவர் அந்த பஜார் முக்கில் எத்தனை பேரை இடிக்கப் பார்த்தார்? அவரிடம் யார் சாவி கேட்டார்கள்?

லாரிக்காரர் எடுத்திருந்த படத்தை வாங்கி அனுப்பினேன், மூக்குவரை தண்ணீரில் நிற்கிற வண்டி. கீழே எழுதினேன்: "என் தப்புதான். சாவி தர மாட்டேன்."

ஜூன் 23
பார்த்துவிட்டார்.

ஜூன் 24
கூப்பிட்டார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

"வண்டிய லாரில போட்டு விடு. நீ பிளைட்ல வா."

"மாட்டேன்."

"அப்ப அன்னைக்குப் பேசுனது?"

"பேசுனது நீங்க. நான் சரின்னு சொல்லவே இல்ல."

"நான் எதுக்குடி இந்த ஊட்டுக்குத் திரும்பி வந்தேன்?" என்றார். வைத்துவிட்டார்.

ஜூன் 28
எஞ்சினை மட்டும் சரி செய்து வாங்கினேன், நசுங்கிய கதவு அப்படியே. அதே ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கூடாரக் கடையில் தங்கினேன். சுபுஹு தொழுதுவிட்டு, விடிந்ததும் இறங்கினேன். தண்ணீர் சக்கரத்தில் பாதி கூட இல்லை. இதற்காகவா அப்படிக் கத்தினேன்?

ஜூன் 29, லே
வந்து சேர்ந்தேன். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 9, தென்காசி
வீடு. மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நசுங்கிய கதவைத் தடவினார். அப்புறம் கையை நீட்டினார். மாமி பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கை எவ்வளவு நேரம் அப்படியே நின்றதோ, திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 20
சாரல். இன்றைக்கு ராபியா ஐந்தருவி ரோட்டில் கூட்டத்துக்கு நடுவே தடுமாறாமல் ஓட்டினாள். மச்சான் ஷேர் ஆட்டோவில் போகிறார், ஷேர் ஆட்டோவில் வருகிறார். என்னோடு பேச்சில்லை.

கேஸ் கொண்டுவந்த ஆள் அவரிடமே கேட்டான், "அக்கா இல்லையா?" நான்தான் இருக்கேனே என்றார். "இல்ல, அக்காட்ட கேட்டுட்டு எறக்குதேன்" என்றான். அறைக்குள் இருந்து கேட்டேன். இந்த வீடு அவர் கை படாமலே நடக்கப் பழகிவிட்டது. அவர் வந்து பிடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது ஸ்டியரிங் ஒன்றுதான் போலிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? இத்தனை வருஷம் யார் இல்லாமல் நான் பழகினேன்?

ஆகஸ்ட் 3
ஷார்ஜாவில் பழைய கம்பெனியில் மறுபடி விசா கேட்டிருக்கிறார். கிடைத்தும் விட்டது. எனக்கு மாமி சொல்லித்தான் தெரியும். "எம்புள்ளய மறுபடியும் மணலுக்கு அனுப்பிட்டியே, நிலோபரு" என்று அழுதார். நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
அவரைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அனுப்ப எப்போதும் ஒரு வேன் நிறைய ஆள் ஏறும். பிள்ளைகள் வாந்தி எடுக்கும், மாமி ஓதிக்கொண்டே வருவார். இந்தத் தடவை அவரே, "வேன் சொல்லாண்டாம். நீயே கொண்டு விடு" என்றார். பெட்டியைப் பின்னால் வைத்தார். இடது பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

செங்கோட்டை தாண்டினோம். ஆரியங்காவு ஏற்றத்தில் நல்ல மழை. ஒரு வளைவில் திரும்பிப் பார்க்கிறேன், தூங்குகிறார். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. நான் ஓட்டும்போது இவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

எழுப்பி, போகாதீங்க என்று சொல்லலாம். சொன்னால் இருந்துவிடுவார், அது எனக்குத் தெரியும். இருந்தால் நாளைக் காலையில் சாவிக்குக் கை நீட்டுவார், அதுவும் தெரியும். இதில் ஜெயித்தது யார்?

புனலூர் தாண்டும்வரை மெதுவாகவே ஓட்டினேன். ஏர்போர்ட் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் எழுப்பினேன்.