வெளிநாட்டு உறவினர் என்ற கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படி ஏறும்போது வந்து, இறங்கும்போது போய்விடுகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

எங்கள் சுகாதார நிலையத்துத் தடுப்பூசிக் குளிர் அறைக்குப் பணம் தரும் நாட்டிலிருந்து போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். முன்பெல்லாம் எத்தனை குழந்தைக்கு ஊசி போட்டோம் என்று கேட்பார்கள். இவர்கள் ஆற்றுப் பாலம் எத்தனை டன் தாங்கும், வேறு எந்த நாட்டுக்காரர்கள் வந்து போகிறார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் ஊரில் இப்போது உதவிப் பணத்தைப் பங்கிடும்போது பாதுகாப்புத் துறைக்காரர்களும் கூட உட்காருகிறார்களாம், அவர்கள் போன பிறகு பெரிய டாக்டர் சொன்னார். அவர்கள் பணம், அவர்கள் கவலை. இது தெரியாமல் நான், யார் வந்தாலும் செய்வதுபோல, பையிலிருந்து உன் போட்டோவை எடுத்துக் காட்டிவிட்டேன். துறைமுகத்தில் கிரேனுக்கு முன்னால் தொப்பியோடு நிற்கிறாயே, அதை. எந்த நாடு என்று கேட்டார்கள், பெருமையாகச் சொன்னேன். அந்த நாட்டுக்கும் இவர்களுக்கும் ஆகாது என்பது தினமும் பேப்பர் படிக்கிற எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. "போட்டோவக் காட்டலன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே" என்று அம்மா இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

பத்தே நாளில் ஒரு படிவம் வந்தது. வேலை செய்கிற ஒவ்வொருவரும் வெளிநாட்டு உறவினரின் பெயர், வேலை எல்லாம் எழுத வேண்டும். அந்த நாட்டில் யாராவது இருந்தால் விசாரணை முடியும்வரை பணம் நிற்கும். பணம் நின்றால் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மின்சாரம்தான் தினமும் நாலு மணி நேரம் போகிறதே, மருந்தெல்லாம் கெட்டுவிடும். பெரிய டாக்டர் தணிந்த குரலில், "அண்ணே, அந்தக் கட்டத்துல இல்லன்னு போட்டுடுங்க, போட்டோவெல்லாம் அவங்க மறந்திருப்பாங்க" என்றார். இருபத்திரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் அந்த அறையின் சூட்டை உள்ளபடி எழுதியவன் நான். உன்னை இல்லை என்று எழுதக் கை வரவில்லை. வேலை செய்கிறவர்கள்தானே எழுத வேண்டும், அதனால் படிவத்தில் ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலையை விடுவதாக வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சாவி இப்போது கம்பவுண்டரிடம். பணம் வந்துவிட்டது, அறை குளிர்ச்சியாகவே இருக்கிறதாம்.

இதற்காக நீ அங்கே வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. நாள் முழுக்க நான் வீட்டில் இருப்பதுதான் அம்மாவுக்குத் தொந்தரவு. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. கடிதத்தை இனி சுகாதார நிலையத்துக்கு அனுப்பாதே, வீட்டுக்கே அனுப்பு. உறையின் பின்னால் உன் பெயர், ஊர், நாடு எல்லாம் எப்போதும்போலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

உன் அப்பா