மிதவை அறை, பதினொன்று இருபது

பிப்ரவரி 16, திங்கள்

உறுதியான செய்தி: பதினான்கு நாட்களாக வலி இல்லை. ஆதாரம்: என் கணவரே, இன்று காலை, வாயில் பிரஷ்ஷோடு.

எங்கள் வீட்டு விதிப்படி பதினான்கு நாள் அமைதியாகப் போனால் பருவம் முடிந்தது. இருபத்தோரு வருடமாக இந்த விதி இருக்கிறது. முதல் ஆறு வருடம் மார்ச்சில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இரண்டு பருவங்கள் வந்தன. பிறகு மார்ச் தானாக நின்றது. அக்டோபர் மட்டும், எட்டு வாரம், தூங்கிய ஒன்றரை மணி நேரத்தில், வலது கண்ணில். இவ்வளவு ஒழுங்காக வருகிறது என்றுதான் அதற்கு ‘ஆபீசர்’ என்று பெயர் வைத்தார். டாக்டரம்மா சொல்லும் பெயர் க்ளஸ்டர் தலைவலி. தலைவலி என்றால் கேட்பவர்கள் மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்வார்கள். அவரால் படுக்க முடியாது, உட்காரவும் முடியாது. கண்ணைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். நான் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முகமூடியைக் கையில் கொடுத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடிந்ததில்லை.

இந்த முறை அக்டோபரில் வந்து டிசம்பர் முதல் வாரம் போன ஆபீசர், ஜனவரி 9 அன்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தார். அப்படி வந்தது இதுவே முதல் தடவை. அதனால் இன்றைய செய்தி பெரிய செய்தி.

பகலில் வராதவரைக்கும் சமாளிக்கலாம். அவர் நகர நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர், எல்லோரும் ஏழு வயதுக்காரர்கள். “ஆபீசர் பகல்ல தலைகாட்டினா, அன்னிக்கே விசிலைக் கழட்டி வச்சிடுவேன்” என்று பல வருடம் முன்பே சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 19, வியாழன்

டாக்டரம்மாவுக்கு என் குறிப்பை அனுப்பியிருந்தேன். மாலையில் அவரே அழைத்தார். பருவம் முடிந்ததால் தடுப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம், மூன்று வாரத்தில் நிறுத்திவிடலாம் என்றார். இவ்வளவு சுத்தமான குறிப்பு வேறு எந்த நோயாளி வீட்டிலிருந்தும் தனக்கு வந்ததில்லை என்றும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கணவர் மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சரி என்றார். உரித்து முடித்த பிறகும் தோலைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி

இரவு முழுக்கத் தூங்கினார். நானும்.

மார்ச் 3, செவ்வாய்

சாயங்காலம் வந்தபோது கண் சிவந்திருந்தது, இமை கொஞ்சம் தொங்கியிருந்தது. கேட்டேன். குளத்தில் குளோரின் அதிகமாகக் கொட்டிவிட்டார்களாம். இடது கண். ஆபீசருக்கு எப்போதும் வலது கண்தான். அதனால் மேலே கேட்கவில்லை. சொட்டு மருந்து போட்டுவிட்டேன். கையைப் பிடித்து, ஒரு நிமிடம் விடாமல் வைத்திருந்தார்.

மகள் போனில் பேசினாள், கல்லூரி விடுதியிலிருந்து. “அப்பா குரல் ஏன் களைச்சுப்போன மாதிரி இருக்கு?” என்றாள். வேலை அதிகம் என்றேன். அவள் நம்பினாள். நானும் நம்பித்தான் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

மதியம் பத்திரிகை அலுவலகத்துக்கு கேஸ் கடைக்காரரின் அழைப்பு. வீட்டு ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். சார் போனை எடுக்கவில்லை என்று எனக்கு அழைத்திருக்கிறார்.

“மேடம், குளத்துல வச்சிருக்கிற சிலிண்டர் இந்த வாரமும் காலியாமே. நாளைக்கு மாத்திடட்டுமா?”

குளத்தில் சிலிண்டரா? எத்தனை நாளாக என்று கேட்டேன். பிப்ரவரி ஆறாம் தேதியிலிருந்து, ரசீது இருக்கிறது என்றார். மாற்றிவிடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. குளோரின் ஒரு கண்ணுக்குள் மட்டும் போகுமா?

அவரிடம் இன்று கேட்கவில்லை. பாதித் தகவலோடு போய் ஆளைக் கேட்டால் மீதிப் பாதி வராது.

மார்ச் 12, வியாழன்

சொல்லாமல் குளத்துக்குப் போனேன். பார்வையாளர் வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்தது. எட்டுப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்கள். தவளை மாதிரி உதைக்கச் சொல்லிக்கொடுப்பதால் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘தவளை சார்’. அது எனக்கு இன்றுதான் தெரியும்.

பதினொன்று பதினாலுக்கு அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். உடனே விசில். ஒவ்வொருவரையும் கை கொடுத்து மேலே ஏற்றினார், இரண்டு தடவை எண்ணினார், துண்டு போர்த்தி பெஞ்சில் உட்கார வைத்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி லைஃப்கார்டு அம்மாவின் கழுத்தில் மாட்டினார். ஓடவில்லை. சாதாரணமாக நடந்து, மிதவைப் பலகைகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி பதினொன்று இருபது.

கீழே இறங்கினேன். என்னைப் பார்த்ததும் லைஃப்கார்டு அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன் அக்கா. சார் கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் என்ன பண்ண? ஆனா ஒண்ணு, ஒரு பிள்ளை தண்ணில இருக்கும்போது அவரு போனதே இல்ல. வலி வர்றதுக்கு முன்னாடி பல்லு கூசுமாம். கூசின உடனே எல்லாரையும் ஏத்திடுவாரு.”

பெஞ்சில் இருந்த ஒரு பெண் குழந்தை எனக்கு விளக்கினாள். “தவளை சாருக்கு மூக்குல தண்ணி போயிடுச்சு. டெய்லி போகுது. எங்களுக்குச் சொல்லித்தர்றாரு, அவரே சரியா மூச்சு விட மாட்டேங்குறாரு.”

மிதவை அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். நாலு அடி, திரும்பல், நாலு அடி. இடையில் முகமூடியின் சத்தம். இருபத்தோரு வருடம் கேட்ட நடை, கூடத்தில் கேட்கும்போது பதினோரு அடி இருக்கும். இங்கே இடமில்லை. எதிலோ இடித்துக்கொண்டார், பலகைகள் சரிந்தன. அவற்றைத் திரும்ப அடுக்குவதும் கேட்டது. அந்த வலியிலும் அடுக்குகிறார்.

கதவைத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்ததை அந்த நேரத்தில் பிடுங்க மனம் வரவில்லை. பதினொன்று நாற்பத்தாறுக்கு நடை நின்றது. நான் கிளம்பிவிட்டேன்.

அதே நாள், மாலை

கேஸ் கடைக்காரர் பேசியதைச் சொன்னேன். பகலில் குளத்தில் நின்றதையும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டேன். பிப்ரவரி ஐந்து.

“அப்ப பதினாறாம் தேதி என்கிட்ட சொன்னது?”

“ராத்திரி வரலன்னுதானே சொன்னேன்.”

முப்பது வருடமாக அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுப் புளித்த பதில். அதை வீட்டிலும் கேட்பேன் என்று நினைக்கவில்லை. சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்து தொலைத்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஆபீசருக்கு டிரான்ஸ்ஃபர். டே ஷிஃப்ட். கண்ணையும் மாத்திட்டாங்க” என்றார். நான் சிரிக்கவில்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம்தான் மீதி வந்தது.

“நீ எழுதிட்டா அது நிஜமாயிடும். எழுதாத வரைக்கும், இன்னிக்கு வந்துது, நாளைக்கு வராதுன்னு இருக்கலாம். இருபத்தாறு வருஷமா அந்த விசில் கழுத்துல இருக்கு. கழட்டி எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

அவர் பொய் சொன்னார், சரி. நான் என்ன பண்ணினேன்? அலுவலகத்தில் ஒரு ஆள் மட்டும் சொன்னதை அச்சுக்கு விடவே மாட்டேன். யாராக இருந்தாலும் இரண்டாவது ஆளைக் கேட்டுட்டு வான்னு திருப்பி அனுப்புவேன். இங்க, பக்கத்துல படுத்திருக்கிற மனுஷன், பல் தேய்ச்சுக்கிட்டே சொன்னதை அப்படியே எழுதி டாக்டருக்கு அனுப்பிட்டேன். அதை நம்பி அவங்க மாத்திரையைக் குறைச்சாங்க. குறைக்கக் குறைக்க இவருக்கு வலி கூடியிருக்கு. வாயைத் திறந்தா மாட்டிக்குவோம்னு அதையும் தாங்கிக்கிட்டு இருந்திருக்கார். முப்பத்தஞ்சு நாள். அந்த நாலடி ரூம்ல.

ஏன் நம்பினேன்? நானும் அதைத்தான் கேட்க விரும்பியிருந்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி

பணிக்காலத்தில் நான் வெளியிட்ட திருத்தங்கள் பதினொன்று. இன்று பன்னிரண்டாவது, டாக்டரம்மாவுக்கு. அவர் திட்டவில்லை. இந்த நோய் நேரத்தை மாற்றும், அபூர்வமாகப் பக்கத்தையும் மாற்றும், இருபது வருடம் ஒரே மாதிரி இருந்தது என்பதற்காக இருபத்தோராவது வருடமும் அப்படியே இருக்க வேண்டியதில்லை என்றார். மாத்திரையைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் இ.சி.ஜி. எடுத்து இதயம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் கணவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவர் ஐந்து தடவை “சரிங்கம்மா” என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

குளத்து நிர்வாகியிடம் அவரே போய்ச் சொன்னார். நான் வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன். கூட வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று.

நிர்வாகி முதலில் கோபப்பட்டாராம். அவர் கோபம் நியாயம், அவர் பிள்ளையும் அங்கேதான் நீந்தப் பழகியது. வருகைப் பதிவேட்டையும் லைஃப்கார்டு அம்மாவையும் வைத்து எல்லா நாளையும் சரிபார்த்திருக்கிறார். ஒரு நாளும் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது இவர் கரையை விட்டுப் போகவில்லை. அது உறுதியானது. ஆனாலும் இனி தனியாக வகுப்பு எடுக்கக் கூடாது. டாக்டர் கடிதம் வரும் வரை கரையில் நிற்கலாம், சொல்லிக்கொடுக்கலாம். விசில் லைஃப்கார்டு அம்மாவிடம் இருக்கும். பிறகு நிர்வாகக் குழு முடிவு செய்யும்.

வெளியே வந்தவர் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். நான் ஹெல்மெட்டைக் கொடுத்தேன். சிக்னலில் நின்றபோது என் தோளில் தலையைச் சாய்த்தார். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

இன்று இரண்டு. 11.20, 3.05. அவரே நேரத்தைச் சொன்னார், நான் எழுதினேன்.

மார்ச் 26, வியாழன்

மாநகராட்சிக் கூட்டம். ஆணையர் குடிநீர்த் திட்ட அறிக்கையை வாசிக்க ஆரம்பித்ததும் போன் அதிர்ந்தது. அவர். வலி வரும் நேரத்தில் இதுவரை ஒரு தடவைகூட அழைத்ததில்லை. குனிந்தபடி எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன்.

பேசவில்லை. நாலு அடி, திரும்பல், நாலு அடி. முகமூடிக்குள் மூச்சு. பக்கவாட்டில் பிள்ளைகளின் இரைச்சல், லைஃப்கார்டு அம்மாவின் விசில். படியில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஆறுதல் வார்த்தை எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு ஆகாது. சத்தமே வலிக்கும். ஒரே ஒரு தடவை, நடை தடுமாறியபோது, “இருக்கேன்” என்றேன். நடை திரும்ப ஆரம்பித்தது.

இருபத்து மூன்று நிமிடம்.

“முடிஞ்சுது,” என்றார். அப்புறம், “உனக்குக் கூட்டமா? போ, போ. என்னால ஒரு செய்தி போச்சுன்னு நாளைக்கு என் தலைல கட்டிடாதே.”

உள்ளே வந்தால் ஆணையர் அறிக்கையை முடித்துவிட்டிருந்தார். போட்டிப் பத்திரிகைக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். பதினெட்டு வருடமாக ஒரு புள்ளிவிவரத்தைக்கூட எனக்குச் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நோட்டை அப்படியே என் பக்கம் தள்ளினார். “எல்லாத்தையும் எடுத்துக்குங்க. என் கையெழுத்து எனக்கே புரியாது, உங்களுக்குப் புரிஞ்சா எனக்கும் படிச்சுக் காட்டுங்க.”

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டாவது இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. ஆதாரம்: டாக்டரம்மா, காலை 9.40, போனில். மாத்திரை இன்றிலிருந்து இன்னொரு படி மேலே. இந்த வாரம் வலி வந்த நாட்கள் நான்கு, போன வாரம் ஏழு. நேரம் மெல்ல நகர்கிறது. திங்களன்று 11.50, நேற்று 12.10. எங்கே போய் நிற்கும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை, தெரியாது என்று அவரே சொன்னார்.

பிள்ளைகளிடம் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார், மூக்கில் தண்ணீர் போகவில்லை, தலை வலிக்கிறது என்று. அந்தப் பெண் குழந்தை, “அப்ப எங்களுக்குச் சொல்லித்தர்றது சரியான மூச்சுதானா?” என்று உறுதி செய்துகொண்டாளாம். சரியான மூச்சுதான் என்றிருக்கிறார்.

தெரிய வேண்டியவை: டாக்டரின் கடிதத்தைப் பார்த்து, இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் வகுப்பில் அவரை நிரந்தரமாக வைப்பதா என்று நிர்வாகக் குழு சொல்ல வேண்டும். ஏப்ரல் 10, மாலை நான்கு மணிக்குப் பிறகு. இது பருவத்துக்கு வந்து போவதா, நாள்பட்டதாக மாறிவிட்டதா என்பது அதைவிடத் தாமதமாகும். அக்டோபருக்குள் சேர்ந்தாற்போல் மூன்று மாத ஓய்வு கிடைத்தால் பருவ நோய் என்ற பழைய பெயர் நிலைக்கும். கிடைக்காவிட்டால் நாள்பட்டது என்று பெயர் மாறும்.

அதுவரை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை நான் யாரையும் அழைப்பதில்லை. மகளிடமும் பத்திரிகை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம் என் போன் காலியாக இருக்க வேண்டும்.